புலத்திலிருந்து ஊருக்கு: ஈழத் தமிழர் போராட்டமும் நம் பொறுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து கிளம்பி கனடா, பிரிட்டன், சுவிஸ், பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா என்று போய்ச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்ட கேள்விகள் இவை. ரொறன்ரோவில் ஒரு ஊர்ச் சங்கத்தில் பத்து வருடம் செயலாளராக இருந்தேன். கேள்விகளில் பாதி பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. மீதி, கூட்டம் முடிந்து கார் எடுக்கப் போகும்போது தோளில் கைபோட்டுக் கேட்டவை. எனக்கு இரண்டாவது வகைதான் முக்கியம். பதில்கள் என்னுடையவை, சங்கத்தினுடையவை அல்ல.

வந்து முப்பது வருடமாகிவிட்டது. பாஸ்போர்ட்டும் மாறிவிட்டது. எனக்கு இன்னும் என்ன பொறுப்பு?

நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலானவர்கள் அகதிக் கோரிக்கை வைத்து வந்தவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரும் சரி, 2010இல் சன் சீ கப்பலில் வந்திறங்கிய 492 பேரும் சரி, விமானத்தில் வந்து நின்ற நாமும் சரி, அதிகாரி முன்னால் ஒரு கதை சொன்னோம். ஊரில் சுற்றிவளைப்பு, குண்டுவீச்சு, பிடித்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை என்று சொன்னோம். சொன்னது உண்மைதான். ஆனால் அது நம் ஒருவருடைய கதை இல்லை. ஊர் முழுவதற்கும் நடந்ததைச் சொல்லித்தான் நமக்கு இடம் கிடைத்தது. அந்தக் கதையில் வந்த மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

அதனால் கடன் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இரத்தம், மண், இனம் என்று மேடையில் பேசுகிற பெரிய சொற்கள் எதுவும் எனக்கு இதற்குத் தேவைப்படவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன்பட்டவருக்குத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. கடன் கொடுத்தவர் வீட்டில் நாட்டாமை செய்யும் உரிமை கிடையாது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான்.

மாதாமாதம் ஊருக்குக் காசு அனுப்புகிறேன். போதாதா?

அக்காவுக்கு அனுப்புவது குடும்பக் கடமை. நல்லது, தொடருங்கள். அதை அரசியல் கணக்கில் எழுதாதீர்கள்.

பொதுக்காசு வேறு. எங்கள் சங்கத்தில் ஒரே வருடத்தில் இரண்டு கோரிக்கைகள் வந்தன. ஒன்று கோயிலுக்குப் புதுத் தேர். இன்னொன்று, போரில் கணவரை இழந்த பன்னிரண்டு பெண்களுக்குக் கறவை மாடு. தேருக்கான காசு இரண்டு கிழமையில் சேர்ந்துவிட்டது. மாடுகளுக்கு எட்டு மாதம் எடுத்தது. அதுவும் கடைசி இரண்டு மாடுகளுக்கு ஒரு குலுக்கல் சீட்டு நடத்த வேண்டியிருந்தது. அந்தத் தேரின் வடத்தைப் பிடிக்க ஊரில் எல்லோருக்கும் இடமில்லை என்பது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செயலாளர் நானும்தான். 2018இல் தென்மராட்சி வரணியில், ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிப்பதைத் தவிர்க்க ஜேசிபி இயந்திரத்தைக் கட்டித் தேர் இழுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து படத்தோடு செய்தியானபோது, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் அமைதி. பிறகு யாரோ ஒரு பிறந்தநாள் வாழ்த்துப் போட்டார்கள்.

விடுதலை என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு எதிராகவும் நம் காசு வேலை செய்யும். எங்கே போகிறது, யார் கையில் கொடுக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்காமல் அனுப்பும் காசுக்கு இந்தக் குணம் உண்டு.

அந்தக் காலத்தில் இயக்கத்துக்கு, அதாவது விடுதலைப் புலிகளுக்கு, கொடுத்த காசை இப்போது எப்படிப் பார்ப்பது?

விருப்பத்தோடு கொடுத்தவர்கள் உண்டு. பயத்தில் கொடுத்தவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஆளாக இருந்ததும் உண்டு. நான் அந்த வகை. 2005, 2006இல் ‘இறுதி யுத்தம்’ என்று சொல்லி வீடு வீடாகச் சேர்த்தார்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் அது எப்படி நடந்தது, எங்கெல்லாம் மிரட்டலாக மாறியது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2006 மார்ச்சில் ஒரு அறிக்கையே வெளியிட்டது. எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையானவர்கள். தேத்தண்ணி குடித்தார்கள். கையில் கொப்பி. என் பெயருக்கு நேரே தொகையை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.

பற்றுச்சீட்டு நான் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய கேள்வியையும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் வன்னியில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. ஐ.நா. சொல்லிற்று, ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளும் சொல்லின. என் மகன் அப்போது நீச்சல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். யுத்தம் வேண்டும் என்று முடிவெடுப்பதில் எனக்கும் பங்கு இருந்தது. அதற்குப் பிள்ளையைக் கொடுப்பதில் இல்லை. அந்த ஏற்பாடு எனக்கு வசதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பக்கத்தை எழுத முடியாது.

2009இல் அவ்வளவு சனம் வீதியில் இறங்கினோமே, என்ன பலன்?

லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே ஏப்ரல் தொடக்கத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் இரவும் பகலும் இருந்தார்கள். ரொறன்ரோவில் மே 10, அன்னையர் தினத்தன்று, கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறினோம். முன்வரிசையில் பெண்கள், சிலர் தள்ளுவண்டியில் குழந்தையோடு. மறுநாள் பத்திரிகைகள் போக்குவரத்து நெரிசலைப் பற்றி எழுதின. எட்டாம் நாள், யுத்தத்தின் கடைசிக் களமான முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. தமிழர் தரப்பில் சொல்லும் எண்ணிக்கை இதைவிட மிகப் பெரியது.

ஆகவே, தடுக்க முடிந்ததா என்றால், இல்லை. ஐ.நா.வே தன் கடமையில் தவறியது என்று அதன் உள்ளக ஆய்வு 2012இல் ஒப்புக்கொண்டது. அதை வாசித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஆனால் வேறொன்று நடந்தது. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் பிறகு வழக்கறிஞர், பத்திரிகையாளர், நகரசபை ஊழியர் என்று ஆனார்கள். கத்தினால் மட்டும் காது திறக்காது என்று அன்று இரவு அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்கு அடுத்து வந்தவை அவர்கள் கைவேலை. அதைக் கீழே சொல்கிறேன்.

தீர்வு என்ன என்று நாம் சொல்லலாமா? தனிநாடா, சமஷ்டியா (கூட்டாட்சி), மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாவது திருத்தமா?

கூட்டத்தில் நாற்காலி பறந்த ஒரே கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

2009 மே முதல் 2010 வரை நோர்வே, பிரான்ஸ், கனடா, சுவிஸ், ஜெர்மனி, பிரிட்டன் என்று நாடு நாடாக நாமே வாக்கெடுப்பு நடத்தினோம். 1976இன் வட்டுக்கோட்டைத் தீர்மானம், அதாவது தனித் தமிழீழம், வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கிட்டத்தட்ட எல்லோரும் ‘ஆம்’ என்றார்கள். 2010இல் நாடு கடந்த தமிழீழ அரசாங்கம் என்ற அமைப்பும் வந்தது. அதே கேள்வியை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் சந்தியில் நின்று கேட்க முடியாது. 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்புக்குக் கொண்டுவந்த ஆறாவது திருத்தப்படி தனிநாடு கேட்பதும், ஊக்குவிப்பதும், அதற்குக் காசு கொடுப்பதும் குற்றம். குடியுரிமை சார்ந்த உரிமைகளும் சொத்தும் போகலாம். அன்று தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று அந்தத் திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்துத்தான் தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள்.

இதிலிருந்து இரண்டு பேர் இரண்டு முடிவுக்கு வருகிறார்கள். ‘ஊரில் இருப்பவர்களின் வாய்க்குப் பூட்டு, அதனால் அவர்களுக்காக நாம்தான் பேச வேண்டும்’ என்பது ஒன்று. ‘ஊரில் யாரும் இப்போது தனிநாடு கேட்கவில்லை, வெளிநாட்டுக்காரர்தான் கேட்கிறார்கள்’ என்பது மற்றது. இரண்டும் அரைகுறை. பூட்டுப் போட்ட வாயிலிருந்து ‘ஆம்’ என்றும் எடுக்க முடியாது, ‘இல்லை’ என்றும் எடுக்க முடியாது. எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: வெளியில் இருக்கிற நாம் கேட்க வேண்டிய முதல் விஷயம் அந்தப் பூட்டைத் திறப்பது. சுதந்திரமாகப் பேசி, சுதந்திரமாக வாக்களித்து முடிவெடுக்கும் வெளி. அதற்குள் அவர்கள் சமஷ்டி என்றால் சமஷ்டி. தனிநாடு என்றால் தனிநாடு. வேறொன்று என்றால் வேறொன்று.

இந்தத் தவறை ‘தீவிரவாதிகள்’தான் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். மிதவாதிகளும் செய்தார்கள். 2023 ஏப்ரலில் நேபாளத்தின் நகர்கோட்டில் புலம்பெயர் அமைப்பான உலகத் தமிழர் பேரவையும் சில பௌத்த பிக்குகளும் பேசி இமாலயப் பிரகடனம் என்று ஒன்றை எழுதி, டிசம்பரில் ஜனாதிபதி ரணிலிடம் கையளித்தார்கள். ஆறு அம்சங்கள். மோசமான வாசகங்கள் இல்லை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் பெயரில் சமாதானம் பேசினார்கள் என்று கொதித்தார்கள். யுத்தத்தைக் கேட்காமல் அறிவித்தாலும் சமாதானத்தைக் கேட்காமல் அறிவித்தாலும், விலை கொடுப்பவர் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்.

மாகாண சபை பற்றியும் ஒரு வரி. வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே ஒருமுறை, 2013 செப்டெம்பரில். 2018இல் அதன் காலம் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. பதின்மூன்றாவது திருத்தம் போதுமா போதாதா என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அடிபடுகிறவர்கள், ஊரில் இருக்கிற அந்தக் குட்டி அதிகாரமும் பூட்டிக் கிடக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஊரில் இருக்கும் சனமே தெற்குக் கட்சிக்கு வாக்குப் போட்டுவிட்டதே! இது துரோகம் இல்லையா?

இல்லை. 2024 செப்டெம்பரில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 2 லட்சத்து 26 ஆயிரத்துச் சொச்சம் பேர் வாக்களித்தார்கள். நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை அந்தத் தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தார்கள். அடுத்த மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சியை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இதில் எனக்குத் தெரிவது கணக்குப் பார்த்து வாக்குப் போடும் சனம். நமக்கோ அங்கே வாக்கில்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கையில் ஏற்பாடே கிடையாது, இரட்டைக் குடியுரிமைக்காரர் நாடாளுமன்றத்துக்கும் போக முடியாது. வாக்கில்லாதவர் வாக்குப் போட்டவரைத் துரோகி என்பது நல்ல பகிடி.

நான் இங்கே எழுதினால், ஊர்வலம் போனால் அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து வருமா?

வரலாம். அதை யாரும் லேசாக எடுக்கக்கூடாது.

2014இல் இலங்கை அரசு புலிகளையும் சேர்த்து 16 அமைப்புகளையும் 424 ஆட்களையும் பயங்கரவாதப் பட்டியலில் போட்டது. 2015இல் சில அமைப்புகளை எடுத்தது. 2021இல் திரும்பப் போட்டது. 2022 ஆகஸ்டில், கஜானா காலியாகி வெளிநாட்டுத் தமிழர் முதலீடு தேவைப்பட்ட நேரத்தில், ஆறு அமைப்புகளையும் 316 ஆட்களையும் எடுத்தது. நாம் பயங்கரவாதியா முதலீட்டாளரா என்பது டொலர் கையிருப்பைப் பொறுத்தது போலும். பட்டியலில் இருக்கும் அமைப்போடு தொடர்பு வைத்தால் ஊரில் இருப்பவர் மாட்டிக்கொள்ளலாம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எத்தனையோ பேர் முகநூல் பதிவுக்காகவே உள்ளே போயிருக்கிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில், இறுதி யுத்தத்தில் சனம் குடித்ததை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நான்கு பேரைப் பிடித்தார்கள். இத்தனைக்கும் கஞ்சி என்பது அரிசி, தண்ணீர், உப்பு.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இருந்த கொட்டகைக்கு நான் ஒருமுறை போனேன். தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரை, சுவர் முழுக்கப் படங்கள். பொலித்தீன் உறைக்குள்ளும் வெயில் புகுந்து சில முகங்கள் வெளுத்து நீலமாகிவிட்டிருந்தன. கைபேசியை எடுத்தேன். ஒரு அம்மா கேட்டார்:

“தம்பி, படத்தை எங்க போடுவீங்கள்?”

“முகநூலில அம்மா.”

“நீங்கள் எத்தனை நாள் இங்க நிற்பீங்கள்?”

“மூண்டு கிழமை.”

“அப்ப போனாப் பிறகு போடுங்கோ. நீங்கள் நிக்கேக்க போட்டா உங்களைக் கேப்பாங்கள். போனாப் பிறகு எங்களைத்தான் கேப்பாங்கள். எங்களுக்குப் பழகிப் போச்சு.”

என்னைக் காப்பாற்ற நினைத்தார் அந்த அம்மா. படத்தை நான் இன்றுவரை போடவில்லை. அவர் போடச் சொன்னதைப் போடாதது சரியா தவறா என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஊரில் உள்ள ஒருவரின் முகமோ பெயரோ கிராமமோ என் பதிவில் வருவதென்றால், அவரிடம் அன்றைக்கே கேட்பேன். போன வருடம் கேட்டது இந்த வருடத்துக்குச் செல்லாது. மற்றபடி, உங்கள் சொந்தப் பெயரில் உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லப் பயப்படாதீர்கள். இங்கே பாதுகாப்பாக இருந்துகொண்டு புனைபெயரில் ஊர்க்காரரை உசுப்பேற்றுவதுதான் அசிங்கம்.

சரி, இங்கே இருந்து நாம் மட்டுமே செய்யக்கூடியது என்ன?

நம்மிடம் உள்ளது இந்த நாட்டு வாக்கு, இந்த நாட்டுப் பாஸ்போர்ட், பயமில்லாமல் பேசும் வசதி. ஊரில் இருப்பவருக்கு இல்லாதது இந்த மூன்றும்தான்.

ஒரு கதை சொல்கிறேன். 2000 டிசம்பரில் மிருசுவிலில் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவத்தினருக்கு 2015இல் மரண தண்டனை விதித்தார்கள். இலங்கை நீதிமன்றத்தில் அரிதாகக் கிடைத்த தீர்ப்பு. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய மன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார். ஊரில் அதற்கு மேல் போவது லேசில்லை. 2023 ஜனவரியில் கனடா நான்கு பேர் மீது தடை விதித்தது. அதில் ஒருவர் இந்த ரத்நாயக்க. இன்னும் இருவர் முன்னாள் ஜனாதிபதி மஹிந்தவும், மன்னிப்புக் கொடுத்த கோட்டாபயவும். 2025 மார்ச்சில் பிரிட்டன் மூன்று முன்னாள் படைத் தளபதிகளோடு, புலிகளிலிருந்து பிரிந்துபோன தளபதி கருணா மீதும் தடை விதித்தது. தடை என்பது சிறை இல்லை. சொத்து முடக்கம், பயணத் தடை, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு அரசு பெயர் சொல்லி எழுதியது. அதற்குப் பின்னால், தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். போகும்போது கையில் கோஷம் இல்லை, கோப்பு இருந்தது: பெயர், பதவி, படைப்பிரிவு, இடம், தேதி.

இப்படித்தான் 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடு இரவாக இடித்தபோதும் நடந்தது. ஊரில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து அதை மீளக் கட்ட வைத்தார்கள். கனடாவில் பிரம்டன் நகரசபை தன் ஊரில் ஒன்று கட்டுவதென்று தீர்மானித்தது; 2025 மே மாதம் திறந்தது. என்னைக் கேட்டால் மாணவர்கள் செய்தது பெரிய வேலை. பிரம்டன் அதற்குப் பின்பாட்டு. பின்பாட்டும் வேண்டும்தான், சுருதி மாறாமல் இருந்தால்.

நான் நேரில் பார்த்தவற்றை இப்போது யாரிடம் சொல்வது? இத்தனை வருடம் கழித்து எடுபடுமா?

எடுபடும். ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானப்படி 2021இலிருந்து மனித உரிமை ஆணையாளர் அலுவலகம் எதிர்கால வழக்குகளுக்காகச் சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. சில நாடுகளில் போர்க்குற்றத்தை விசாரிக்கும் பொலிஸ் பிரிவுகளும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள செம்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவ வீரர் ஒருவர் 1998இல் நீதிமன்றத்தில் புதைகுழி பற்றிச் சொன்னார். அடுத்த வருடம் 15 உடல்கள் எடுத்து மூடிவிட்டார்கள். 2025இல் பக்கத்துச் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு குழந்தையோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை. 27 வருடம் கழித்து ஒரு பையின் நிறம் சாட்சியாகிறது.

என் பெரியம்மாவுக்கு 1996இல் நாவற்குழிப் பக்கம் பிடித்துக்கொண்டு போன இரண்டு பொடியன்களின் சட்டை நிறம்கூட ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வார். நாங்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம். ஒருவரும் எழுதவில்லை. அவர் மூன்று வருடத்துக்கு முன் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் காலமானார். தயவுசெய்து முதலில் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: தேதி, இடம், யார் கூட இருந்தார்கள். எழுதும்போதே முகநூலில் போடாதீர்கள். பின்னால் வழக்கென்று வந்தால் எதிர்த்தரப்பு அதை வைத்துக் குடையும். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள்.

புலிக்கொடி பிடிக்கலாமா?

முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இயக்கத்தை இந்தியா 1992இலும், பிரிட்டன் 2001இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இலும் தடை செய்தன. கொடி பற்றிய விதி நாட்டுக்கு நாடு வேறு. சட்டம் விட்டாலும், பக்கத்தில் நிற்கும் தாயாரிடம் கேளுங்கள். சிலருக்கு அது மகனின் உடலில் போர்த்திய கொடி. சிலருக்கு மகனைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் கொடி.

நம் தரப்பின் தவறுகளைப் பேசினால் எதிரிக்கு லாபம் இல்லையா?

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேர அவகாசம். கையில் கொஞ்சக் காசும் உடுத்திய துணியும். பலர் புத்தளத்து முகாம்களில் பிள்ளை பெற்றுப் பேரனும் கண்டார்கள். அவர்களும் அகதிகள்தான், விசா கிடைக்காத அகதிகள். அதை நாம் சொல்லாமல் விட்டால் எதிரி சொல்வார், அவருக்கு வேண்டிய மாதிரி. நம் கதையில் அவர்களைச் சேர்த்துச் சொன்னால் நம் கதை பலவீனமாகிறது என்று எனக்கு யாரும் இதுவரை விளக்கவில்லை.

2022 மே 18 அன்று கொழும்பு காலிமுகத்திடலில், கோட்டாபயவை எதிர்த்துக் கூடாரம் போட்டிருந்த இடத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்து விளக்கேற்றினார்கள். சிங்கள இளைஞர்களும் நின்றார்கள். ஒரு நாள் கூத்து என்று நம் ஆட்கள் நிறையப் பேர் சிரித்தார்கள். இருக்கலாம். ஆனால் ஊரில் கஞ்சி காய்ச்சப் பொலிஸுக்குப் பயந்தவர்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

தமிழ்நாட்டில் இருக்கிறோம். எங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்துமா?

நீங்கள் புலம்பெயர்ந்தவர் இல்லை, அயலவர். உங்கள் ஊரிலேயே மண்டபம் முதல் கும்மிடிப்பூண்டி வரை மறுவாழ்வு முகாம்களில் ஈழத் தமிழர்கள் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் அதில் உண்டு. அதோடு, வடக்கு மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போகும் இழுவைப்படகு பற்றியும் பேச வேண்டும். மேடையில் தொப்புள்கொடி உறவு, கடலில் வலையறுப்பு என்றால் முல்லைத்தீவு மீனவர் எதை நம்புவார்?

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் எதை எதிர்பார்க்கலாம்?

குற்றவுணர்வை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மே 18 அன்று பூங்காவில் கஞ்சி கொடுத்தோம். யாரோ தேங்காய்ப்பால் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு நன்றாகவே காய்ச்சியிருந்தார்கள். ஊறுகாயும் இருந்தது. என் மகள், அப்போது பதினொரு வயது, ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா, அவங்களுக்கும் இப்படி ருசியா இருந்ததா?” அடுத்த வருடம் உப்பும் தண்ணீரும் அரிசியும் மட்டும் போடச் சொல்லி அவளே குழுவில் எழுதினாள். தமிழில், இரண்டு எழுத்துப்பிழையோடு. அவர்களுக்குக் கேள்வி கேட்க இடம் விடுங்கள், போதும்.

ஊரில் எங்கள் வீடும் காணியும் பூட்டிக் கிடக்கின்றன. அதுவும் இந்தப் பொறுப்புக்குள் வருமா?

இந்தக் கேள்வியைப் பொதுக்கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை, காருக்குப் பக்கத்தில்தான். வரும். 2017 ஜனவரி கடைசியில் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்து, ஒரு மாதம் பனியிலும் வெயிலிலும் கிடந்து, தங்கள் சொந்தக் காணியைத் திரும்ப வாங்கினார்கள். நாம் இங்கே கைதட்டிப் பகிர்ந்தோம். அதே நேரம் யாழ்ப்பாணத்தில் நம் காணிகள் பற்றை மண்டி, கிணறு தூர்ந்து, நுளம்பு பெருகிக் கிடந்தன. பக்கத்திலேயே காணியில்லாத குடும்பங்கள், முப்பது வருடமாக முகாமில் இருந்தவர்கள்.

எங்கள் தகப்பனாரின் காணி ஆறு பரப்பு. நான்கு பிள்ளைகள், நான்கு நாடு. போன வருடம் ஒரு குடும்பத்தை அதில் இருக்க விட்டிருக்கிறோம். வாடகை இல்லை. கிணற்றை இறைத்து, முற்றத்து மாமரத்தைக் கவாத்துப் பண்ணி வைத்திருக்கிறார்கள். இரண்டு பரப்பை அவர்கள் பெயருக்கே எழுதிவிடலாம் என்று தங்கை சொன்னாள். நானும் சரி என்றேன். தம்பி யோசிக்க நேரம் கேட்டான், பிறகு சம்மதித்தான். அண்ணன் பாரிஸில் இருக்கிறார். மேடையில் மண் மீட்பு பற்றி நன்றாகப் பேசுவார். பத்திரம் அவர் மேசையில் நான்கு மாதமாக இருக்கிறது. போன ஞாயிறு கேட்டேன். மாமரம் யாருடைய பங்கில் வருகிறது என்று திருப்பிக் கேட்டார்.